வில்லங்கச் சான்று

காலையில் ரிவர்ஸ் போட்டால்
ஒன்று, இரண்டு, மூன்று எண்ண வேண்டும்.
அப்புறம்தான் நான் சொன்னது வண்டிக்கு உறைக்கும்.
முதுகில் யாரோ குத்தியதுபோல் ஓர் உலுக்கல்.
சுவரோரப் பூனை எழுந்து தள்ளிப் படுக்கும்.

இருபத்தொரு வயசு வண்டி. ஆட்டோமேட்டிக்.
என் இடது காலுக்குக் காலிப்பர்;
கிளட்ச் மிதிக்கிற வேலை அதற்கு எழுதப்படவில்லை.
இதை வண்ணார்பேட்டை ஷெட்டில் மூன்று தடவை சொன்னேன்.
மூன்று தடவையும்
"பேசாம மேனுவல் பாக்ஸ் மாத்திருங்கம்மா,
எழுபதாயிரத்துல முடிஞ்சிரும்" என்றார்,
என் காலைப் பார்க்காமல், மரியாதையாக.

சேரன்மகாதேவி பத்திர ஆபீஸில்
வில்லங்கம் தேடுவது என் உத்தியோகம்.
யார் யாருக்கு விற்றார், எவர் அடமானத்தை மீட்கவில்லை,
பழைய புத்தகத்தில் விரல் வைத்து இறங்குவேன்.
கிரயம் பேச வந்தவர்களுக்கு இன்றைய விலை போதும்.
எனக்கு, எந்தத் தேதியில் கோணிற்று என்று தெரிய வேண்டும்.

பதினோரு நாள் டைரியில் குறித்தேன்.

முன்னீர்ப்பள்ளம் வரை ஒன்றுமில்லை.
தருவை தாண்டி, எஞ்சின் சூடேறியபின்,
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகிற இடத்தில் வழுக்கல்.
முள் நாலாயிரத்துக்குத் துள்ளும், வண்டி நாற்பதிலேயே நிற்கும்.
எஞ்சின் போடும் கூச்சல் சக்கரத்துக்குக் கேட்பதில்லை.
காலைத் தளர்த்தினால் சட்டென்று பிடிக்கும்.
ஆடிக் காற்று எதிரே அடித்தால் கூடுதல்.
ஏசி போட்டாலும் அணைத்தாலும் ஒன்றுதான்.
ஒன்றிலிருந்து இரண்டு: வெண்ணெய்.
சந்தேகப்பட வேண்டியது அந்த வெண்ணெயைத்தான் என்று
அப்போது தோன்றவில்லை.

ஞாயிறு சாயங்காலம், ஓடி வந்த சூட்டோடு
பார்க்கில் போட்டு, எஞ்சினை அணைக்காமல்
ஆயில் குச்சியை உருவினேன்.
அளவு சரி.
சிவப்பாக இருக்க வேண்டியது கருப்பட்டிக் காப்பியாக இருந்தது.
பிழை விழுந்து வீணான நகலொன்றின் முதுகில் ஒரு சொட்டு விட்டேன்:
நடுவில் பழுப்பு,
ஓரத்தில் மட்டும் இன்னும் ஒரு சிவந்த வளையம்.
லேசாக அடிப்பிடித்த வாசனை.
விரலில் தேய்த்தால் நெறுநெறுக்கவில்லை.
அந்தத் தாளையும் மடித்து டைரிக்குள் வைத்தேன்.

பேட்டை தவசிக்கனி கையைக் கைலியில் துடைத்துவிட்டு
பதினோரு நாளையும் வாசித்தார். தாளை முகர்ந்தார்.
பானெட்டைத் திறக்கவில்லை.
"ஆக்சிலேட்டர் கேபிள் எப்பம் மாத்துனிய?"

நான் மாற்றவில்லை.
முன்னால் வைத்திருந்த டாக்டரின் பில்கள்
டேஷ்போர்டுப் பெட்டியில் ரப்பர் பேண்டு அறுந்து கிடந்தன.
இறங்கினேன், விரல் வைத்து.
இரண்டு வருஷம் முந்தி, சமாதானபுரம்,
கேபிள் ஒன்று, கூலி முந்நூறு.

அதன் பக்கத்தில் இன்னொரு மெல்லிய கம்பி
எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்கு இறங்குகிறது.
கால் எவ்வளவு அழுத்துகிறது என்று
பெட்டிக்குத் தகவல் சொல்கிற கம்பி.
அதை அன்றைக்கு அவிழ்த்தவன்
சும்மா மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்,
ஈரத்துணி பாரத்தில் தொய்ந்த கொடிபோல.

இரண்டு வருஷமாக நான் முழுசாக மிதித்ததெல்லாம்
அரைகுறையாகத்தான் உள்ளே பதிவாகியிருக்கிறது.
இந்தம்மா மெதுவாகப் போகிறாள் என்று
பெட்டியும் மெதுவாகவே பிடித்திருக்கிறது.
என் வலது காலை இப்படிக் குறைத்து எழுதியது
யாரும் இல்லை, இரண்டு நட்டு.

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர். பத்து நிமிஷம்.
புது ஆயில் நாலு லிட்டர்.
ஈரடுக்குப் பாலத்து ஏற்றத்தில் மூன்று பிடித்தது,
ஒன்று இரண்டுக்குப் போகையில் இப்போது சின்னதாய் ஓர் உதை.
"அது இருக்கணும்மா" என்றார் பின் சீட்டிலிருந்து.

பிறகு, இறங்கும்போது:
"உள்ள பிளேட்டு கருகுனது கருகுனதுதான்.
ஒரு வருசமும் ஓடும், அஞ்சு வருசமும் ஓடும்.
எழுதித் தரமாட்டேன்."

நானும் கேட்கவில்லை.
எங்கள் சான்றிலும் அப்படித்தான்:
தேடிய காலத்துக்கு மட்டும்.

இன்று காலை ரிவர்ஸ்.
ஒன்று, இரண்டு.
பூனை தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது.
டைரியில் குறித்துக்கொண்டேன்.